ரோய்டா வீட்டு மைக்கும் லோம்பே அம்மாவின் வாயும்

கிட்வே நகரத்தின் சிம்வெம்வே குடியிருப்பில் லோம்பே அம்மாவுக்குப் பொறாமை வராத பொருள் என்று ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டுத் தக்காளி தன் வீட்டுத் தக்காளிக்கு முன்னால் சிவந்துவிட்டால், அன்றைக்கு அவள் வைக்கிற கீரையில் உப்பு தூக்கலாக இருக்கும். இழவு வீட்டுக்குப் போனாலும் முதலில் கூட்டத்தைத்தான் கணக்குப் போடுவாள். "இவனுக்கா இத்தனை ஜனம்?" என்று பக்கத்தில் இருப்பவளின் விலாவில் இடிப்பாள். செத்துக் கிடக்கிறவனைப் பார்த்தே வயிறெரிகிறவளை என்ன செய்வது? சொந்தப் பெயர் அஸ்ட்ரிடா கபெம்ப்வா. மூத்த மகன் லோம்பே என்பதால் ஊருக்கெல்லாம் லோம்பே அம்மா. கிட்வே சந்தையில் பழந்துணிக் கடை வைத்திருந்தாள். புருஷன் போனிஃபஸ் மினிபஸ் ஓட்டுகிறவன், வீட்டில் அதிகம் பேசாதவன். பேச அவனுக்கு இடம் கிடைத்ததில்லை என்பதுதான் சரி.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் யாரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை. அது குரல். கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் மட்டும் கூடுகிற கிச்சன் பார்ட்டியில், மணப்பெண் முக்காடு போட்டுப் பாயில் குனிந்து உட்கார்ந்திருப்பாள். சட்டியும் பானையும் வாளியும் சுற்றிலும் குவிந்திருக்கும். லோம்பே அம்மா மேளத்தைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு முதல் அடியை எடுத்துவிட்டால், வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறவளும் ஈரக் கையோடு உள்ளே ஓடி வருவாள். சும்மா நின்று பாடுகிற குரல் அல்ல அது. பாடுவாள், ஆடுவாள், மணப்பெண்ணின் மூக்கருகே குனிவாள், சுவரோரம் போய்த் திரும்புவாள். அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு அவளே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. "வாசலைத் தாண்டு மகளே" என்று தொடங்கும். அதை அவள் எடுத்தால்தான் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் புருஷன் வீட்டுக்குப் போனதாக அர்த்தம்.

இப்படி இருந்த இடத்தில்தான் ரோய்டா ஜெரே வந்து சேர்ந்தாள்.

கிழக்கே சிபாட்டா பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பஸ் நிறுத்தத்தில் சின்னத் தகரக் கடை போட்டு, சிம் கார்டு விற்பதும் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பதுமாகப் பிழைத்தாள். கிச்சன் பார்ட்டிகளில் பாடுகிற எங்கள் பெண்கள் கூட்டத்தில் கைதட்டுகிறவளாகச் சேர்ந்தாள். குரலைப் பற்றிச் சொல்வதானால், காதோரம் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். அவள் ங்கோனிக்காரி, லோம்பே அம்மா பெம்பாக்காரி. இந்த இரண்டு இனத்துக்கும் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து கேலிமுறை. ஒருத்தியை ஒருத்தி என்ன திட்டினாலும் கோபிக்கக் கூடாது. சாவு வீட்டிலேயே முறைக்காரர்கள் சவப்பெட்டியைத் தட்டி, "எந்திரிடா, வாங்குன கடனைக் குடுத்துட்டுப் போ" என்று கத்தலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"வாடி எலிதின்னி, இன்னைக்கு எத்தனை எலி சுட்ட?" என்பாள் லோம்பே அம்மா.

"உங்க ஆளுங்க கொரங்கை மிச்சம் வெச்சா நாங்க ஏம்மா எலிக்குப் போறோம்?" என்பாள் ரோய்டா.

கூட்டம் சிரிக்கும். ரோய்டா சொல்வது வெறும் கேலி. லோம்பே அம்மா சொல்வதில் ஒரு கல் உப்பு கூடுதலாக இருந்ததை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

முதலில் ரோய்டா லோம்பே அம்மாவின் கடைக்கு வந்து கனத்த குளிர்க் கோட்டுகளாகப் பொறுக்கி வாங்கினாள்.

"எதுக்குடி இவ்வளவு? சிபாட்டாவுல பனி கொட்டுதா?" என்று கேட்டாள் லோம்பே அம்மா.

"எனக்கில்ல அக்கா. என் வீட்டுச் சுவருக்கு."

"சுவருக்குக் குளிருதாமா?"

"சுவரு சும்மா இருக்க மாட்டேங்குது. நான் ஒரு வார்த்தை பாடினா அது நாலு வார்த்தை திருப்பிப் பாடுது. கோட்டைத் தொங்கவிட்டா வாயை மூடிக்கும்."

லோம்பே அம்மாவுக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு நாள் புருஷனுடைய மினிபஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து சந்தைக்குப் போகும்போதுதான் விளங்கியது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. காதுக்குள்ளேயே உட்கார்ந்து ரகசியம் சொல்கிற மாதிரி மெதுவான, பட்டுப் போன்ற குரல்.

"யாருய்யா இது? லுசாக்காக்காரியா?"

"நம்ம ரோய்டாதான்," என்றான் போனிஃபஸ்.

"அந்தக் கொசுவா?"

"என்ன கொசுவோ. வீட்டுலயே கம்ப்யூட்டர்ல பதிவு பண்றாளாம். எல்லா டிரைவருக்கும் மெமரி கார்டுல ஏத்திக் குடுத்திருக்கா. ஏறுற ஜனம் இன்னொரு தடவை போடுங்குது."

சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம். தாளத்துக்கு ஸ்டியரிங்கில் விரலால் தட்டினான். அந்த விரல்களைப் பார்த்ததும் லோம்பே அம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டது. இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவள் பாட்டுக்கு அந்த விரல் தட்டியதில்லை. அன்றைக்கு அவனுக்குச் சோளக் களியோடு கருவாட்டுக் குழம்பு வந்தது. குழம்பில் கருவாடு வரவில்லை.

ரோய்டாவால் முடிந்தது தன்னால் முடியாதா? லோம்பே வேலைக்குத் தலைநகர் லுசாக்கா போனபோது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி மூடிக் கிடந்தது. சந்தையில் ஒரு மைக்கை வாங்கி வந்தாள். கம்ப்யூட்டரின் முதுகில் பச்சை, நீலம், ரோஜா என்று மூன்று ஓட்டைகள். பச்சை பார்க்க நன்றாக இருந்தது, அதில் குத்தினாள். "வாசலைத் தாண்டு மகளே" என்று உயிரைக் கொடுத்துப் பாடிவிட்டுப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை, காற்று கூட இல்லை. நீலத்தில் குத்தினாள். அவளுடைய குரல் கேட்டது, ஆனால் கிணற்றுக்குள் விழுந்த எறும்பு முனகுகிற மாதிரி. சிம்வெம்வேயையே எழுப்புகிற குரல்! மைக்கைத் தூக்கிக் கட்டில் மேல் எறிந்தாள். மானம் போனாலும் பரவாயில்லை என்று, ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்க வந்த சாக்கில் ரோய்டா வீட்டுக்குப் போனாள்.

ரோய்டா ஒளித்தாளா? இல்லை. அதுதான் பெரிய கொடுமை. ஒளித்திருந்தால் திட்டியாவது ஆறியிருக்கலாம். உட்காரவைத்து, வறுத்த நிலக்கடலையைத் தட்டில் போட்டு நீட்டிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

"பச்சை ஓட்டை வெளிய விடுறதுக்கு அக்கா. ஸ்பீக்கர் மாட்டலாம். நீ எவ்வளவு கத்தினாலும் அதுல உள்ள போகாது. நீலம், ஏற்கெனவே பலமா வர்ற சத்தத்துக்கு. ரேடியோ, கீபோர்டு அந்த மாதிரி. மைக்குல இருந்து வர்றது ரொம்பச் சன்னமான சத்தம். அதைத் தூக்கிவிடணும். அதுக்கு ரோஜா ஓட்டை. ஆனா அதுலயும் ஒரே இரைச்சலா இருக்கும். அதான் நான் இந்தப் பெட்டியை வாங்கினேன்."

மேசையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. கோட்டுகள் தொங்கிய மூலையில் நின்ற தடித்த மைக்கிலிருந்து ஒரு கேபிள் வந்து அதில் சேர்ந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் மடிக்கணினிக்குப் போனது. பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு.

"இதைத் திருகினா குரலைத் தூக்கும். பச்சை எரிஞ்சா நல்லா இருக்கோம்னு அர்த்தம். சிவப்பு வந்தா குரல் கிழியும். அப்புறம் கம்ப்யூட்டர்கிட்டயும் சொல்லணும், 'நீ இந்தப் பெட்டியைக் கேளு'ன்னு. சொல்லலைன்னா அது பாட்டுக்கு எதையாவது கேட்டுக்கிட்டிருக்கும், நம்ம புருஷனுங்க மாதிரி."

லோம்பே அம்மா கடலையைத் தின்றாள், தலையாட்டினாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். தன் கடைக் கோட்டுகள் அங்கே வரிசையாகத் தொங்கி இன்னொருத்தியின் குரலுக்கு மெத்தை போட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்துக்கொண்டாள். கடைசி வார்த்தைகள் மட்டும் அவள் காதில் சரியாக ஏறவில்லை. அவளுக்கு அந்த வீட்டில் வேறு நிறைய எரிந்துகொண்டிருந்தது.

பிறகு ரேடியோ வந்தது. கிட்வேயின் ஒரு வானொலியில், சனிக்கிழமை மதியப் பெண்கள் நேரத்தில், ஒவ்வொரு குடியிருப்பின் கிச்சன் பார்ட்டிப் பாட்டையும் போடப்போவதாகச் சொன்னார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு பாட்டு. கூட்டத்தின் தலைவி கலுபா அம்மா, மணப்பெண்களுக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கிறவள். எந்தப் பாட்டு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "வாசலைத் தாண்டு" தான். எங்கே பதிவு செய்வது என்பதிலும் சந்தேகமில்லை. ரோய்டா வீட்டில்தான். பாட்டை எடுத்துக் கொடுக்கிற முன்குரல் யார் என்பதில்தான் எல்லாம் கெட்டது.

முதலில் லோம்பே அம்மாவைத்தான் மைக் முன்னால் நிறுத்தினார்கள். நின்றால்தானே? பாட்டு எடுத்ததும் இடுப்பு ஆடியது, கால் நகர்ந்தது, மைக்கின் மூக்கருகே குனிந்து கத்தினாள். பெட்டியில் சிவப்பு. ரோய்டா திருகைக் குறைத்தாள். அதற்குள் இவள் சுவரோரம் போய்விட்டாள், குரல் காணோம். ரோய்டா திருகைக் கூட்டினாள். இவள் திரும்பி வந்து ஒரு குலவை விட்டாள். மறுபடி சிவப்பு. போட்டுக் கேட்டால், சேவலைச் சாக்கில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது.

"ஒரே இடத்துல நில்லு அக்கா. காலை ஆணி அடிச்ச மாதிரி வெச்சுக்கோ," என்று கெஞ்சினாள் ரோய்டா.

"காலை ஆணியடிச்சா குரல் எங்கிருந்துடி வரும்? உனக்குத் தொண்டையிலிருந்து வருது. எனக்குக் குதிகால்ல இருந்து வருது."

நாலைந்து தடவை பார்த்துவிட்டுக் கலுபா அம்மா கையை உயர்த்தினாள். "போதும். ரோய்டா முன்குரல் பாடட்டும். லோம்பே அம்மா, நீ கோவிச்சுக்காத. உன் குரலுக்குக் கொறை ஒண்ணுமில்ல. இந்தப் பொட்டிக்குத்தான் கொள்ளல."

"நான் ஏன் கோவிச்சுக்கப் போறேன்?" என்றாள் லோம்பே அம்மா. முகத்தில் ஈயாடவில்லை.

தங்கைக்காகக் கட்டிய பாட்டு. தன் வாயால் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்த பாட்டு. அது இனி நகரம் முழுவதும் எலிதின்னியின் குரலில் ஒலிக்கப் போகிறது. இதை நினைத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை என்ற நாளே வராமல் போகக்கூடாதா என்றிருந்தது.

பதிவு நாளன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பரவாயில்லை, மடிக்கணினியில் சார்ஜ் இருக்கிறது, கறுப்புப் பெட்டியும் அதிலிருந்துதான் உயிர் வாங்குகிறது என்றாள் ரோய்டா. சார்ஜ் மிச்சமாகட்டும் என்று திரையை இருட்டாக்கி வைத்தாள். மூலையில் கோட்டுகளுக்கு முன்னால் அவள் நின்றாள். பின்னால் கைதட்டுகிறவர்கள். கதவோரம் மேளத்தோடு கலுபா அம்மா. மேசையில் மடிக்கணினி முன்னால் உட்கார ஒரு ஆள் வேண்டும்.

"அக்கா, நீ உக்காரு. நான் தலையாட்டினதும் இந்தப் பொத்தானை அமுக்கு. அப்புறம் விளக்கை மட்டும் பாரு. சிவப்பு வந்தா கையைத் தூக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

தன் பாட்டுக்குத் தன்னையே காவல் உட்காரவைத்துவிட்டார்கள்! லோம்பே அம்மா உட்கார்ந்தாள். ரோய்டா தலைத்துணியைச் சரிசெய்யத் திரும்பினாள். மற்றவர்கள் யார் எங்கே நிற்பது என்று இடித்துக்கொண்டிருந்தார்கள். லோம்பே அம்மாவின் கை மேசைக்குப் பின்பக்கம் போனது. மெல்லிய வயரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தது. பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

அவ்வளவுதான். இனி ரோய்டா தொண்டை கிழியப் பாடினாலும் ஒன்றும் ஏறாது. வெறும் காற்று. முடிந்ததும் வயரைச் செருகிவிட்டு, "அய்யோ, ஒண்ணுமே விழலையே" என்று கன்னத்தில் கை வைத்தால் ஆயிற்று. நாளைக்குள் அனுப்பியாக வேண்டும், வேறு வழியில்லாமல் தன்னைக் கூப்பிடுவார்கள். ரோய்டா தலையாட்டினாள். இவள் பொத்தானை அமுக்கினாள்.

மேளம் எழுந்தது, கைதட்டல் எழுந்தது. அந்தச் சின்ன அறையில் யார் என்ன சொன்னாலும் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. ரோய்டா தொடங்கினாள்.

"வாசலைத் தாண்டு மகளே, வாசலைத் தாண்டு..."

லோம்பே அம்மாவுக்கு இத்தனை மாதமாக நெஞ்சில் கட்டிக்கிடந்தது உடைத்துக்கொண்டது. இயந்திரம்தான் செவிடாகிவிட்டதே, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? மடிக்கணினியின் மேல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு வாய்க்குள்ளேயே ஆரம்பித்தாள்.

"எலி தின்ன வாய்க்குப் பாட்டு ஒரு கேடு..."

"கையில என்ன கொண்டுபோற மகளே, கையில என்ன?"

"தொண்டையில என்னடி, எலி வாலா?"

"அடுப்பு சிரிச்சா நீயும் சிரி மகளே..."

"நீ செத்தாத்தான்டி நான் சிரிப்பேன். உன் பொட்டி மேல ஏறி நின்னு ஆடுவேன்."

இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒன்று. பிறவிப் பாடகி அல்லவா, வசவும் தாளம் தப்பாமல் சரியாக இடைவெளியில் விழுந்தது. பாட்டு முடிகிற இடத்தில், கைதட்டல் ஓய்வதற்கு முன்னால், அவளையறியாமல் இன்னொன்றும் வந்தது.

"என் பாட்டுடி அது."

முடிந்தது. எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வயர் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. லோம்பே அம்மா கன்னத்தில் கை வைக்கத் தயாராக உட்கார்ந்தாள். ரோய்டா வந்து பேட்டரி ஸ்பீக்கரைச் செருகிப் பாட்டைப் போட்டாள்.

பாட்டு வந்தது. எங்கோ பத்து வீடு தள்ளி நடக்கிற கல்யாணம் மாதிரி, மேளமும் கைதட்டலும் ரோய்டாவின் குரலும் தூரத்தில் மிதந்தன. அதற்கு முன்னால், எல்லார் காதிலும் உதடு உரசுகிற மாதிரிப் பக்கத்தில், லோம்பே அம்மா பேசினாள்.

"எலி தின்ன வாய்க்குப் பாட்டு ஒரு கேடு..."

எலி வால் வந்தது. சவப்பெட்டி வந்தது. ஓடிவிடலாம் என்றால் கதவை அடைத்துக்கொண்டு மேளத்தோடு கலுபா அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கலுபா அம்மாவின் தோள்தான் முதலில் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடி பாவி! முறைக்காரின்னா இவதான்டி முறைக்காரி! பொட்டி மேல ஏறி ஆடுவாளாமே!"

உடனே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துச் சிரித்தாள். இன்னொருத்தி "எலி வாலா! எலி வாலா!" என்று மூச்சு வாங்கினாள். பெம்பாக்காரி ங்கோனிக்காரியைத் திட்டினால் அது கேலி. வேறு எதுவாக இருக்க முடியும்?

ரோய்டாவும் சிரித்தாள். குனிந்து திரையில் எதையோ தட்டிப் பார்த்தாள். "கம்ப்யூட்டர் பெட்டியைக் கேக்கவே இல்ல. இதுக்குன்னு சொந்தமா ஒரு மைக் இருக்கு, திரைக்கு மேல, ஊசிமுனை அளவுக்கு. அதுல எடுத்திருக்கு. கரண்ட் போனதுல எங்கயோ மாறிப்போச்சு போல," என்றாள்.

லோம்பே அம்மா அந்த ஊசிமுனை ஓட்டையைப் பார்த்தாள். இத்தனை நேரம் அதன் மேல்தான் வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அழிச்சிடு ரோய்டா. நல்லா இன்னொரு தடவை எடுப்போம். நீயே பாடு. நான் வாயே திறக்கல," என்றாள். அப்படிக் கெஞ்சி அவளுக்குப் பழக்கமே இல்லை.

"தொடக் கூடாது!" என்றாள் கலுபா அம்மா. "இதுதான் ரேடியோவுக்குப் போகுது."

சனிக்கிழமை போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நேயர்கள் கேட்டு மறுபடி போட்டார்கள். மினிபஸ் ஸ்பீக்கரில் ரோய்டா "கையில என்ன?" என்றால், பஸ் முழுவதும் "தொண்டையில என்னடி?" என்று பதில் சொன்னது. சந்தையில் கோட்டு வாங்க வந்தவள், "நீங்கதானா அது? ஒரு தடவை என்னையும் திட்டுங்களேன், நானும் ங்கோனிதான்" என்று நின்றாள். போனிஃபஸ்ஸின் விரல்கள் ஸ்டியரிங்கில் இப்போது அவளுடைய குரலுக்குத்தான் தட்டின. பாட்டுக்கு அல்ல, வசவுக்கு. இத்தனை வருஷம் பாடிய குரலுக்குக் கிடைக்காதது, ஒரு மதியம் முணுமுணுத்த வாய்க்குக் கிடைத்துவிட்டது. லோம்பே அம்மாவுக்குத் தன் வாயின் மேலேயே பொறாமை வந்தது. இதற்கு மேல் ஒருத்தி எங்கே போவாள்?

கிச்சன் பார்ட்டிகளில் இப்போது இருவரையும் சேர்த்துத்தான் அழைத்தார்கள். ரோய்டா நடுவில் நின்று பாட வேண்டும், லோம்பே அம்மா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து திட்ட வேண்டும். ஒரு வீட்டில் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்கடி! நான் கேலிக்குச் சொல்லல. நெஜமாத்தான் சொன்னேன். எனக்கு இவளைக் கண்டாலே ஆகாது!"

அன்றைக்குப் போல அந்த வீடு சிரித்ததில்லை. மணப்பெண் முக்காட்டை விலக்கிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் செய்யவே கூடாது.

அதற்கடுத்த வாரம் ரோய்டா கடைக்கு வந்தாள். கோட்டு எதையும் தொட்டுப் பார்க்கவில்லை.

"வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா அக்கா. நீ மட்டும்."

"எதுக்கு? வீட்டுல வெச்சுத் தனியாத் திட்டணுமா?"

"வா. சொல்றேன்."

போகக் கூடாது என்று தீர்மானித்துவிட்டு லோம்பே அம்மா போனாள். ரோய்டா கதவைச் சாத்தினாள். கடலை வைக்கவில்லை.

"அன்னைக்கு அந்தப் பச்சை விளக்கு அணைஞ்சதை நான் பாத்தேன்," என்றாள்.

லோம்பே அம்மா பொய் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"பாத்துட்டா பாடின?" என்றாள்.

"நிறுத்தியிருந்தா சண்டை வந்திருக்கும். சண்டை வந்தா நீ இந்த வாசல் மிதிக்க மாட்ட. அப்புறம் பாட்டைப் போட்டப்ப மத்தவங்க எலி வாலைக் கேட்டாங்க, சவப்பொட்டியைக் கேட்டாங்க. நான் கடைசி வரியைக் கேட்டேன். அது கேலி இல்லன்னு எனக்குத் தெரியும்." ரோய்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் இந்த ஊருக்கு வந்த முதல் மாசம், நீ பாடினதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து சோறு திங்கல. எனக்கு ஏன் அந்தக் குரல் இல்லைன்னு இருந்துச்சு. உன் குரல் எனக்கு இருந்தா நான் எதுக்கு அக்கா இந்த மைக்கும் பெட்டியும் வாங்கப் போறேன்? எல்லாமே உன் மேல வயித்தெரிச்சல்ல வாங்கினதுதான். அப்படிப்பட்ட நீ என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டு வயரைப் பிடுங்கினப்ப, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

லோம்பே அம்மாவுக்கு நெஞ்சு இளகியிருக்க வேண்டும். நியாயமாக அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு முதலில் தோன்றியது வேறு. இருவருக்கும் வந்தது ஒரே எரிச்சல்தான். அதை வைத்துக்கொண்டு இவள் ஒரு மைக் வாங்கியிருக்கிறாள், பாடக் கற்றிருக்கிறாள், நகரத்தையே கேட்க வைத்திருக்கிறாள். தான் ஒரு வயரைப் பிடுங்கினோம். பொறாமைப்படுவதிலும் எலிதின்னி தன்னை முந்திவிட்டாள்.

"இன்னைக்கு நீ மூலையில நில்லு," என்றாள் ரோய்டா. "மைக்கை ரெண்டடி தள்ளி வெச்சிருக்கேன். திருகைக் கொறைச்சிருக்கேன். நீ ஆடு, குனி, என்ன வேணா பண்ணு, சிவப்பு வராது. முன்னாடியே இதை யோசிச்சிருக்கணும். எனக்கு யோசிக்க மனசு வரல. உன் பாட்டு, நீ பாடு. நான் பொத்தானை அமுக்குறேன்."

லோம்பே அம்மா தன் கடைக் கோட்டுகளுக்கு நடுவே போய் நின்றாள். ரோய்டா மேசை முன்னால் உட்கார்ந்து தலையாட்டினாள். இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. குரலும் வந்தது, குதிகாலிலிருந்து. ஆனால் இடுப்பு ஆடவில்லை, கால் நகரவில்லை. கண் இரண்டும் கறுப்புப் பெட்டியிலேயே குத்தி நின்றன. ரோய்டாவின் ஒரு கை பொத்தானில் இருந்தது. இன்னொரு கை மேசைக்குப் பின்னால் எங்கோ இருந்தது. இந்த வரியில் அணையும். இல்லை, அடுத்த வரியில். அந்தக் கை ஒரு தடவை அசைந்தால் போதும், கணக்குத் தீர்ந்துவிடும். பிறகு இருவரும் ஒன்றுதான், நிம்மதியாகத் திட்டிக்கொண்டு காலம் தள்ளலாம்.

பாட்டு முடியும் வரை பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவளால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது அது ஒன்றைத்தான்.